வண்டி ஏன் முனகுகிறது?

ஸ்வே பார் பொருத்திய பின் எழும் ஓசைகளைப் பற்றிய ஒரு பாடம்

ஒரு யந்திரத்தில் புதிய உறுப்பு ஒன்றைச் சேர்க்கிறோம். மறுநாள், அதுவரை கேளாத ஓசை ஒன்று கேட்கிறது. உடனே, "புதிதாகப் போட்டதுதான் கத்துகிறது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். இம்முடிவு பல வேளைகளில் சரியாக இருக்கும். சில வேளைகளில் உயிருக்கே கேடாக முடியும். புதிய உறுப்பின்மேல் பழியைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் தேய்ந்து நிற்கும் பழைய உறுப்பைக் கவனியாமல் விடுவதே அக்கேடு.

காரியவட்டத்தில் பயிலும் நம் நண்பர்களுள் சிலர் பழைய கார் ஒன்றைக் கூட்டாக வாங்கி, விடுமுறை நாட்களில் மார்த்தாண்டத்துக்கும் நாகர்கோவிலுக்கும் போய் வருகின்றனர். வேறு சிலர் பொன்முடி மலையின் 22 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்து, வண்டி சாயாமல் திரும்ப வேண்டுமென்று கடையில் ஸ்வே பார் வாங்கிப் பூட்டுகின்றனர். பூட்டிய பின் வண்டி முனகத் தொடங்குகிறது. அம்முனகலுக்குக் காரணம் காணும் முறையை விஞ்ஞான மாணவர்க்குரிய ஒழுங்கோடு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இத்தண்டு செய்யும் வேலை

கடைக்காரர் ஸ்வே பார் என்பதையும், புத்தகங்கள் ஆன்டி ரோல் பார் என்பதையும், ஒர்க்‌ஷாப்பில் ஸ்டெபிலைசர் பார் என்பதையும் ஒன்றே எனக் கொள்க. அகன்ற பகரம்போல் வளைந்த எஃகுத் தண்டு அது. அதன் நடுப்பகுதி வண்டியின் அடிச்சட்டத்தோடு இரு புஷ்களால் பிடிக்கப்பட்டிருக்கும். இரு முனைகளும் லிங்க் எனப்படும் சிறு கம்பிகளால் இடச்சக்கர அமைப்போடும் வலச்சக்கர அமைப்போடும் இணைந்திருக்கும். 1919ஆம் ஆண்டிலேயே இத்தகைய அமைப்புக்குக் கனடா நாட்டவர் ஒருவர் காப்புரிமை பெற்றுவிட்டார்.

இரு சக்கரங்களும் ஒரே அளவு மேலேறினால் தண்டு புஷ்களுக்குள் சும்மா சுழல்கிறது, முறுக்கம் இல்லை. ஒரு சக்கரம் மட்டும் ஏறினாலோ, திருப்பத்தில் வண்டி ஒருபுறம் சாய்ந்தாலோ, இரு முனைகளும் வேறு வேறு உயரத்தை அடைகின்றன, தண்டு முறுக்குண்கிறது. அம்முறுக்கத்தின் எதிர்ப்பே சாய்வைக் குறைக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் நிறுத்திக்கொண்டால் ஓசையாராய்ச்சியில் பாதி முடிந்தது எனலாம்.

2. பருமன் சிறிது, விளைவு பெரிது

மின்னூட்ட விதியால் நாம் அறிந்த கூலோம் என்னும் பிரெஞ்சு அறிஞர், 1784ஆம் ஆண்டில் கம்பிகளின் முறுக்கத்தை அளந்து ஓர் உண்மையை வெளியிட்டார். முறுக்கத்துக்குக் கம்பி காட்டும் எதிர்ப்பு, அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதே அது. விட்டம் இருமடங்கானால் எதிர்ப்பு 16 மடங்காகும்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். தண்டின் விட்டம் 20 மில்லிமீட்டர், முறுக்குறும் நீளம் 1 மீட்டர், முனைக் கையின் நீளம் 25 சென்டிமீட்டர் என்று கொள்வோம். எஃகின் விறைப்புக் குணகம் ஏறத்தாழ 80 ஜிகாபாஸ்கல். ஒரு முனை மற்றதைவிட 20 மில்லிமீட்டர் உயர்ந்தால், கைகள் வளைவதைக் கணக்கில் கொள்ளாதபோது, தண்டு 0.08 ரேடியன் முறுகும். அப்போது ஒவ்வொரு லிங்க்கிலும் விழும் விசை ஏறத்தாழ 400 நியூட்டன். அதாவது சுமார் 41 கிலோ எடை. தண்டின் விட்டத்தை 22 மில்லிமீட்டராக்கினால் விசை 1.46 மடங்காகிச் சுமார் 60 கிலோ எடையாகிறது. 18 மில்லிமீட்டர் தண்டை எடுத்துவிட்டு 22 மில்லிமீட்டர் தண்டைப் போடுவோமாயின் விசை 2.23 மடங்காகும்.

கண்ணுக்குச் சில மில்லிமீட்டர்தான். லிங்க்குக்கும் புஷ்ஷுக்கும் அவற்றைப் பிடித்திருக்கும் போல்ட்டுக்கும் அது இருமடங்குச் சுமை. முன்பு ஓசையின்றித் தாங்கிய தேய்ந்த இணைப்பு இப்போது வாய்விட்டு முறையிடுகிறது என்றால் வியப்பில்லை.

சில தண்டுகளின் முனையில் லிங்க்கை மாட்ட இரண்டு துளைகள் இருக்கும். உள்துளையில் மாட்டினால் கை குறுகுகிறது. விறைப்பு கையின் நீளத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாக மாறுவதால் தண்டு மேலும் கடினமாகிறது. இரு பக்கமும் ஒரே வரிசைத் துளையில் மாட்டியிருக்க வேண்டும் என்பது முதல் விதி. இடம் ஒன்றிலும் வலம் மற்றொன்றிலும் மாட்டினால் தண்டு கோணலாக இழுபடும்.

3. ஓசையின் இலக்கணம்

ஒலிக்குறிப்புச் சொற்களில் நம் மொழி செல்வம் மிக்கது. இரட்டைக்கிளவி என்று இலக்கணத்தில் படித்தவை மெக்கானிக்கிடம் பேசும்போது பயன்படும் என்று நாம் எண்ணியிருக்க மாட்டோம். "ஏதோ சத்தம் வருகிறது" என்று சொல்வதைவிட, எவ்வகைச் சத்தம் என்று சொல்வது பாதி வேலையைக் குறைக்கும்.

கிறீச் கிறீச் என்பது உராய்வின் ஓசை. நின்ற நிலை உராய்வு, நகரும் நிலை உராய்வைவிட மிகுதி. ஆகவே புஷ்ஷும் தண்டும் ஒட்டிக்கொள்கின்றன, விசை மிகுந்ததும் வழுக்குகின்றன, மீண்டும் ஒட்டுகின்றன. இவ்வாறு நொடிக்குப் பல முறை நிகழ்வதே கிறீச்சிடல். வில்லுக்கும் தந்திக்கும் இடையே இதே நிகழ்ச்சி நடக்கும்போது அதைப் பிடில் வாசிப்பு என்று காசு கொடுத்துக் கேட்கிறோம்!

டொக் டொக் என்பது இடைவெளியின் ஓசை. இரண்டு உலோகப் பகுதிகளுக்கிடையே சிறு வெளி இருந்து, விசையின் திசை மாறும்போது ஒன்று மற்றொன்றில் மோதுகிறது. தளர்ந்த நட்டு, தேய்ந்த பால் ஜாயிண்ட், தண்டைவிடப் பெரிய துளையுள்ள புஷ் ஆகியவை இதற்குக் காரணங்கள்.

லொட லொட என்பது பல சிறு மோதல்கள் தொடர்ந்து வருவது. கரடுமுரடான சாலையில் மெல்ல ஓட்டும்போது கேட்கும். லிங்க்கின் தேய்ந்த மூட்டு பெரும்பாலும் இவ்வாறு பேசும்.

கரகர என்று தேய்க்கும் ஓசை, தண்டு வேறோர் உறுப்பைத் தொடுகிறது என்பதன் அடையாளம். ஆக்ஸிலின் ரப்பர் உறை, பிரேக் குழாய், புகைக்குழாய் ஆகியவற்றைத் தொடுகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். பிரேக் குழாயைத் தொடும் தண்டோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டலாகாது.

4. சோதனைகள்

சோதனைகளை எளிதிலிருந்து கடினத்துக்குச் செல்லும் வரிசையில் தருகிறேன்.

முதற் சோதனை: வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஒருவர் பக்கவாட்டில் கூரையருகே பிடித்து ஆட்டட்டும், மற்றொருவர் சக்கரத்தருகே செவி கொடுக்கட்டும். கிறீச்சிடல் பெரும்பாலும் இதிலேயே அகப்பட்டுவிடும்.

இரண்டாம் சோதனை: இங்கே ஹம்ப் என்று சொல்லும் வேகத்தடையின்மேல் மிக மெதுவாக, இரு சக்கரமும் ஒருங்கே ஏறும்படி நேராகச் செல்க. இப்போது தண்டு முறுகவில்லை. சுழல மட்டுமே செய்கிறது. டொக்கென்ற ஓசை இதிலேயே பலமாக எழுமாயின், ஸ்வே பாரைவிட ஷாக் அப்சார்பரின் மேல்தாங்கி, லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட் ஆகியவற்றின்மேல்தான் ஐயம் செல்ல வேண்டும்.

மூன்றாம் சோதனை: அதே தடையின்மேல் சாய்வாகச் சென்று, ஒரு சக்கரத்தை மட்டும் முதலில் ஏற்றுக. இப்போதுதான் தண்டு முறுகுகிறது. முன்பு இல்லாத ஓசை இப்போது எழுந்தால், லிங்க்குகளும் தண்டின் பிடிப்புகளும் ஐயத்துக்குரியவை. ஆயினும் இது ஐயமே, தீர்ப்பன்று. ஒரு சக்கரம் ஏறும்போது மற்ற உறுப்புகளும் பக்கவிசைக்கு உள்ளாகின்றன அல்லவா?

நான்காம் சோதனை: புஷ்களின்மேல் சிறிது தண்ணீர் தெளித்து மீண்டும் ஆட்டிப் பார்க்க. கிறீச்சொலி சற்று நேரம் மறைந்தால் உலர் உராய்வே காரணம். திருவனந்தபுரத்தில் இச்சோதனையை இடவப்பாதி மழையும் துலாமழையும் நமக்காக இலவசமாகச் செய்துதருகின்றன. மழை நாளில் மறைந்து வெயிலில் திரும்பி வரும் ஓசை உராய்வின் ஓசை. மழையிலும் வெயிலிலும் ஒரே மாதிரி வரும் டொக்கொலி இடைவெளியின் ஓசை.

ஐந்தாம் சோதனை: ஓசை எச்செயலோடு சேர்ந்து வருகிறது என்று குறித்துக்கொள்க. பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்தால் லோயர் ஆர்ம் புஷ்ஷையோ பிரேக் அமைப்பையோ பார்க்க வேண்டும். நின்ற வண்டியில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது வந்தால் மேல்தாங்கியின் பேரிங்கைப் பார்க்க வேண்டும். முழுதாகத் திருப்பி ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது கடகடவென்று வந்தால் ஆக்ஸிலின் ஜாயிண்ட்டைப் பார்க்க வேண்டும். இம்மூன்றுக்கும் ஸ்வே பாருக்கும் தொடர்பு மிகக் குறைவு.

ஆறாம் சோதனை: இதுவே தீர்ப்புச் சோதனை. இரு லிங்க்குகளையும் கழற்றி, முடியுமானால் தண்டையே எடுத்துவிட்டு, போக்குவரத்தற்ற வளாகத்துக்குள் நடைவேகத்தில் ஓட்டிப் பார்ப்பது. ஓசை நின்றுவிட்டால் குற்றவாளி ஸ்வே பார்த் தொகுதி. ஓசை தொடர்ந்தால் அத்தொகுதி குற்றமற்றது. பரிசோதனைச்சாலையில் ஒரு காரணியை மட்டும் நீக்கி விளைவைப் பார்க்கிறோமே, அம்முறைதான் இது. ஒரு லிங்க்கை மட்டும் கழற்றுவதும் போதாது. கழற்றிய முனை தொங்கி ஆடும்படி விடுவதும் ஆகாது. இச்சோதனையை மெக்கானிக்கின் துணையோடு அவருடைய முற்றத்திலேயே செய்வது நலம்.

5. இச்சோதனை கூடாத வண்டிகள்

இங்கே ஒரு பெரும் எச்சரிக்கை. எல்லா வண்டிகளிலும் ஸ்வே பார் சாய்வைத் தடுப்பதோடு நின்றுவிடுவதில்லை. மாக்பெர்சன் என்னும் பொறியறிஞர் அமைத்த ஸ்டிரட் முறை, 1950இல் இங்கிலாந்தில் அறிமுகமான போர்டு கான்சல் காரில் வந்தது. அதில் இத்தண்டின் முனைகளே கீழ்க்கையைப் பிடித்து, சக்கரம் முன்னும் பின்னும் நகராமல் நிறுத்தின. 1983 முதல் 2014 வரை நம் நாட்டில் செய்யப்பட்ட மாருதி 800 காரின் முன்பகுதியும் இத்தகையதே. இவ்வண்டியில் தண்டைக் கழற்றிவிட்டு ஓட்டினால் சக்கரம் தன் இடத்தில் நிற்காது, நடைவேகத்திலும் கூடாது. இதன் தண்டு முனைப் புஷ் தேய்ந்து டொக்கொலி எழுந்தால், அதை வெறும் ஓசைத் தொல்லை என்று தள்ளிப்போடவும் கூடாது.

ஆகவே தண்டின் முனை எங்கே போய்ச் சேர்கிறது என்று முதலில் பார்க்க. தனி லிங்க் கம்பியில் சேர்ந்தால் ஆறாம் சோதனை செய்யலாம். கீழ்க்கையின் துளைக்குள் நேரே நுழைந்து நட்டால் இறுகியிருந்தால் அங்கே கை வைக்கலாகாது.

6. பரிகாரங்கள்

காரணம் அறிந்த பின் பரிகாரம் எளிது.

கிறீச்சொலிக்கு: வண்டியோடு வரும் ரப்பர் புஷ் பெரும்பாலும் தண்டை இறுகப் பற்றித் தானே முறுகிக்கொடுக்கும். கடையில் வாங்கும் பாலியூரித்தேன் புஷ் கடினமானது. தண்டு அதற்குள் வழுக்கியே சுழலும். எனவே அதற்குக் கிரீஸ் இன்றியமையாதது. ஆனால் எந்தக் கிரீஸ்? இங்கே இரசாயனம் குறுக்கிடுகிறது. கோட்டயத்திலும் நம் குமரி மாவட்டத்திலும் விளையும் இயற்கை ரப்பர் ஒரு ஹைட்ரோகார்பன். பெட்ரோலியக் கிரீஸும் ஹைட்ரோகார்பனே. இனம் இனத்தோடு சேரும். எண்ணெய் ரப்பருக்குள் புகுந்து அதை ஊதச் செய்து வலுவிழக்கச் செய்கிறது. ஒரு ரப்பர் வளையத்தை மண்ணெண்ணெயிலும் மற்றொன்றைத் தண்ணீரிலும் ஓர் இரவு போட்டு வைத்துப் பாருங்கள்; காலையில் கண்ணே சாட்சி சொல்லும். சிலிக்கான் கிரீஸின் முதுகெலும்பு சிலிக்கானும் ஆக்ஸிஜனும் மாறி மாறி அமைந்த சங்கிலி. அது ரப்பரோடு எளிதில் கலவாது. ஆதலால் சிலிக்கான் கிரீஸே தக்கது. தண்டில் புஷ் அமரும் இடத்தைத் துருவும் மணலும் போகத் துடைத்துவிட்டுப் பூச வேண்டும். சங்குமுகம், வேளிப் பக்கத்துக் கடற்காற்றில் நிற்கும் வண்டிக்கு இது இன்னும் முக்கியம்.

டொக்கொலிக்கு: புஷ்ஷின் துளை அளவும் தண்டின் விட்டமும் பொருந்துகின்றனவா என்று அளந்து பார்க்க. 22 மில்லிமீட்டர் தண்டில் 24 மில்லிமீட்டர் புஷ் இருந்தால் எவ்வளவு முறுக்கினாலும் ஓசை ஓயாது. பின்னர் லிங்க் நட்டுகளைப் பார்க்க. பல லிங்க்குகளில் நட்டை முறுக்கும்போது உள்ளிருக்கும் உருண்டையும் சேர்ந்து சுழலும். இறுகியதுபோல் தோன்றும், இறுகியிராது. தண்டின் நுனியை ஆலன் சாவியால் பிடித்துக்கொண்டு நட்டை முறுக்க வேண்டும். இறுதி இறுக்கம் டார்க் ரெஞ்சால், அவ்வண்டிக்கும் அப்பாருக்கும் உரிய புத்தகம் சொல்லும் அளவுக்கு. நைலான் வளையம் பதித்த நட்டை ஒருமுறை கழற்றினால் புதியது போடுவதே முறை.

இறுக்கும் நிலை: ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி லிங்க்கை மாட்டினால், மாட்டும்போதே தண்டு முறுகி நிற்கும், லிங்க் துளையோடு பொருந்தவும் பொருந்தாது. இரு சக்கரமும் ஒரே உயரத்தில், கூடுமானால் வண்டியின் எடை சக்கரங்களின்மேல் அமர்ந்த நிலையில், இறுக்க வேண்டும்.

பின்புறத் தண்டு: நம் சிறு கார்கள் பலவற்றில் பின்சக்கரங்களை இணைக்கும் குறுக்குச்சட்டமே முறுகிக்கொடுத்துப் பாதி ஸ்வே பார் வேலையைச் செய்கிறது. 2005இல் நம் நாட்டுக்கு வந்த ஸ்விப்ட் காரின் பின்பகுதி இவ்வகை. இதில் கூடுதல் தண்டை இருபுறமும் கவ்விகளால் பூட்டுகின்றனர். கவ்வி வழுக்கினாலோ, அடியில் பெயின்ட் தேய்ந்து இடம் விட்டாலோ ஓசை எழும். நட்டின்மேலும் போல்ட்டின்மேலும் சேர்த்து ஒரே கோடாகப் பெயின்ட் இட்டு வைத்து, நூறு கிலோமீட்டர் ஓடிய பின் பார்க்க. கோடு முறிந்திருந்தால் நட்டு நகர்ந்தது என்று பொருள்.

எதைச் செய்யினும், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலை நீட்டாதீர்கள். சக்கரங்களுக்கு அடை கொடுத்து, சட்டத்தின் கீழ் உறுதியான ஸ்டாண்டு வைத்த பிறகே கீழே செல்ல வேண்டும். ஓசையைக் கண்டுபிடிப்பதைவிட ஆளைக் காப்பது முதன்மை.

7. இரண்டு சொற்கள் மேலும்

ஒன்று, ஓசை நின்றதால் எல்லாம் நலம் என்று கொள்ளலாகாது. முன்புறம் மட்டும் தண்டைப் பருமனாக்கினால், திருப்பத்தில் முன்சக்கரங்களின் பிடிப்பு விரைவில் தளர்ந்து, வண்டி வளைவை விட்டு வெளியே போகப் பார்க்கும். பின்புறம் மட்டும் பருமனாக்கினால் வால் சுழலப் பார்க்கும். பொன்முடியின் நனைந்த சாலையில் இவ்வேறுபாடு பாறைக்கும் பள்ளத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடாகிவிடலாம். எனவே புதிய தண்டோடு முதல் சில நாட்கள் மெதுவாக ஓட்டிப் பழகுதல் அறிவுடைமை.

மற்றொன்று சட்டம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆகவே பணம் கொடுப்பதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுத் தெளிக. பழைய அளவிலேயே நல்ல புஷ்ஷும் லிங்க்கும் போட்டாலே போதும் என்ற நிலை பலருக்கு இருக்கும். செலவும் அதில் குறைவு.

ஓசை என்பது வண்டி நமக்கு எழுதும் கடிதம். கேட்ட ஓசை எது, எப்போது எழுந்தது, எச்சோதனையில் நின்றது என்று ஒரு தாளில் குறித்து மெக்கானிக்கின் கையில் கொடுங்கள். ஊரும் மொழியும் புதியனவாயினும் அத்தாள் உங்களுக்காகப் பேசும். தேவையற்ற உறுப்புகளுக்குப் பணம் போவதையும் அது தடுக்கும்.

பயிற்சி வினாக்கள்

1. 20 மில்லிமீட்டர் தண்டுக்குப் பதில் 24 மில்லிமீட்டர் தண்டைப் போட்டால், அதே உயர வேறுபாட்டில் லிங்க்கின்மேல் விழும் விசை எத்தனை மடங்காகும்?

2. நேராக வேகத்தடை ஏறும்போது ஓசை இல்லை. சாய்வாக ஏறும்போது டொக்கொலி எழுகிறது. லிங்க்குகளைக் கழற்றி ஓட்டிய பின்னும் சாய்வில் அவ்வொலி தொடர்கிறது. எந்த உறுப்புகளை ஐயுறுவீர்கள்? ஏன்?

3. பருமனான தண்டு போட்ட மறுநாளே பத்தாண்டுப் பழைய பால் ஜாயிண்ட் ஒலிக்கத் தொடங்கியது. புதிய தண்டு அதைக் கெடுத்ததா, அல்லது கெட்டிருந்ததைக் காட்டிக்கொடுத்ததா? இதைத் தீர்மானிக்க ஒரு சோதனை அமைக்க.